முதல்ல விழக் கத்துக்கணும்! – ரெஸ்லிங் கேள்வி பதில்

அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் நிகழ்ச்சிகள் 2025 ஏப்ரலில் இந்தியாவில் நெட்ஃப்ளிக்ஸுக்கு மாறின. அதற்குப் பிறகு வடசென்னையிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: இந்தக் கம்பெனிகள் புதுப் பசங்களை எங்கிருந்து பிடிக்கின்றன, எப்படித் தயார் செய்து மேலே ஏற்றுகின்றன? வந்ததில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவாயிடுது. அப்புறம் எதுக்கு வருஷக்கணக்கா ட்ரெய்னிங்? நடிக்கத்தானே போறாங்க?
– கல்லூரி மாணவர், ராயபுரம்

ஜெயிப்பவர் யார் என்பது முடிவானதுதான். ஆனால் முதுகு தரையில் அடிப்பது நிஜம். ரிங்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, பலகைமேல் ஏறக்குறைய ஒரு அங்குல ஃபோம், கடைசியில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். மெத்தை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங் 20 அடிக்கு 20 அடி. சின்னக் கம்பெனிகள் 18 அடியிலோ 16 அடியிலோ முடித்துக்கொள்ளும்.

அதனால் எந்தப் பயிற்சிக் கூடத்திலும் முதல் பாடம் விழுவதுதான். தொழிலில் இதற்கு ‘பம்ப்’ என்று பெயர். முதலில் குத்தவைத்து உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் சாய வேண்டும். அது சரியாக வந்தபின் பாதி எழுந்த நிலை, பிறகு நின்ற நிலை, கடைசியில்தான் இன்னொருவர் தூக்கிப் போடுவது. மோவாயை நெஞ்சோடு ஒட்டிவைக்க வேண்டும். கைகள் இரண்டும் உடம்பிலிருந்து 45 டிகிரி விலகி, உள்ளங்கை கீழே பார்த்தபடி, மேல்முதுகு தொடும் அதே நொடியில் தரையை அறைய வேண்டும். முழங்கால் மடங்கி, பாதம் தட்டையாக ஊன்ற வேண்டும். விழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். டிவியில் கேட்கும் அந்த ‘டமார்’ சத்தத்தில் பாதி பலகையிலிருந்தும் மீதி உள்ளங்கையிலிருந்தும் வருவது.

புதியவர்கள் செய்யும் தப்புகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றுவார்கள். மணிக்கட்டோ முழங்கையோ போகும். இடுப்பெலும்பில் முதலில் உட்காருவார்கள், கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். மூச்சை அடக்கிக்கொண்டு விழுந்தால் ஒரு நிமிடம் மூச்சே வராது. எல்லாவற்றையும்விட மோசமானது மோவாயைத் தூக்குவது: பின்மண்டை பலகையில் மோதி மூளை அதிர்ச்சி. நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொண்டு விழுபவர்களும் உண்டு. ஒரு தடவைக்குமேல் அதைச் செய்ய மாட்டார்கள்.

அடுத்த பாடம் கயிற்றில் ஓடுவது. பார்க்கச் சுலபம். கயிற்றில் மோதும்போது மேல்கயிற்றைக் கையால் பிடித்து, முதுகைக் கொடுத்துத் திரும்பி, மூன்று எட்டில் எதிர்ப்பக்கம் போய்ச் சேர வேண்டும். முதல் வாரம் அக்குளுக்குக் கீழே விலாவெல்லாம் கறுத்துப்போகும். பிடிகளை இடப்பக்கமாகவே போடுவது அமெரிக்க வழக்கம், மெக்ஸிகோவில் வலப்பக்கம். அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திக்கும் இரண்டு பேர் பேசி வைக்காமலே எந்தக் கை வரும், எந்தக் கால் நகரும் என்று தெரிந்து ஆட முடிவது இந்த வழக்கத்தால்தான். வருஷக்கணக்கு ஆவது இதற்கெல்லாம்.

டபிள்யூ.டபிள்யூ.இ. புது ஆளுங்களை எங்கிருந்து எடுக்கிறாங்க?
– ஆட்டோ ஓட்டுநர், தண்டையார்பேட்டை

ஒரு காலத்தில் வெளியே இருந்த சின்னக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு அங்கே ஆளை வளர்த்தார்கள். கென்டக்கியின் லூயிவில் நகரிலுள்ள ஓஹியோ வேலி ரெஸ்லிங்கில் ஜான் சீனா, பாடிஸ்டா, ப்ராக் லெஸ்னர், ராண்டி ஆர்ட்டன் நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பயிற்சியில் இருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கும் ஒரு வகுப்பு அது. பிறகு ஃப்ளோரிடாவின் டாம்பாவில் எஃப்.சி.டபிள்யூ. என்று ஒரு பயிற்சிக் கம்பெனி நடந்தது. 2012-ல் அது என்.எக்ஸ்.டி. ஆனது, அதாவது வளரும் ஆட்கள் ஆடும் கீழ்நிலை நிகழ்ச்சி. 2013 ஜூலையில் ஆர்லாண்டோவில் பெர்ஃபார்மன்ஸ் சென்டர் திறந்தார்கள். ஏழு ரிங், அதில் ஒன்று பறந்து அடிக்கும் வித்தைகளைப் பழக மெத்தென்று அமைத்தது. ஜிம், மைக்கில் பேசிப் பழக அறை, கமெண்டரி பழக அறை எல்லாம் ஒரே கூரையின் கீழே.

ஆள் வரும் வழி இப்போது மூன்று. உலகெங்கும் சின்ன மேடைகளில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு வழி. இன்னொரு வழி அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்கள். இதற்காக 2021 டிசம்பரில் ‘நெக்ஸ்ட் இன் லைன்’ என்ற திட்டம் தொடங்கியது. மூன்றாவது, மற்ற நாடுகளில் நடத்தும் தேர்வு முகாம். 2019 மார்ச்சில் மும்பையில் அப்படி ஒன்று நடந்தது. முகாமில் முதலில் பார்ப்பது வித்தையை இல்லை, மூச்சை. பஸ்கி, உருளுதல், கயிற்றோட்டம் என்று நிறுத்தாமல் விடுவார்கள். கை மட்டும் பெருத்த ஜிம் பசங்கள் அங்கேதான் ஓரமாகப் போய் வாந்தி எடுப்பது. தாக்குப்பிடித்தவர்களிடம் மைக்கைக் கொடுத்து, ‘நீ யார், சொல்’ என்பார்கள்.

பசங்க மொட்டை மாடியில பழைய மெத்தையைப் போட்டு தண்ணித் தொட்டி மேலருந்து குதிக்கிறாங்க. சொன்னா கேக்கலை. பெரியவனுக்கு வயசு 14.
– ஒரு தாய், வியாசர்பாடி

இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. மெத்தை பாதுகாப்பு என்று நினைப்பதுதான் ஆபத்து. பஞ்சு மெத்தையில் கால் புதைந்து முழங்கால் திருகும். மெத்தை வழுக்கி நகர்ந்தால் தலை சிமென்ட்டில். ரிங் பலகை அடியை வாங்கிக் கொஞ்சம் கீழே இறங்கி மேலே வரும். மொட்டை மாடித் தரை அப்படி எதுவும் செய்யாது. தலைகீழாகப் பிடித்து இறக்கும் ‘பைல்டிரைவர்’ வித்தையை டபிள்யூ.டபிள்யூ.இ.யே சொந்த ஆட்களுக்குப் பெரும்பாலும் தடை செய்து வைத்திருக்கிறது என்று பையனிடம் சொல்லுங்கள். அம்மா பேச்சைவிட அது காதில் ஏறும்.

அடிபட்டால்: தலையில் மோதிய பிறகு வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், திரும்பத் திரும்ப ஒரே கேள்வி கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

பையனுக்கு ஆசை நிஜமென்றால் ஜூடோ, ஜிம்னாஸ்டிக்ஸ், மல்யுத்தம் மூன்றில் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். மூன்றிலும் பாய் உண்டு, கற்றுக்கொடுக்க ஆள் உண்டு, விழக் கற்றுக்கொடுப்பதும் உண்டு. கழுத்தை வளைத்துப் பாலம் போடும் பயிற்சியை மட்டும் யாரும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம்.

புதுசா ஒருத்தனை மேல கொண்டு வரணும்னா ஜெயிக்க வச்சா போதாதா? சில பேர் ஏன் தோத்துக்கிட்டே இருக்காங்க? சில பேர் ஜெயிச்சும் ஏன் எடுபடலை?
– பெரம்பூர் வாசகர்

உருப்படியான கேள்வி. இதற்குத்தான் இந்த இதழில் அதிக இடம்.

ஒருவரை மேலே தள்ளுவதை ‘புஷ்’ என்பார்கள். வெற்றி என்பது அதில் ஒரு சாமான் மட்டும். வழக்கமாகத் தொடக்கம் இரண்டு மூன்று நிமிட ஆட்டங்கள்தான். எதிரே பெயர் தெரியாத உள்ளூர் ஆள். அவர் வாங்கிக்கொண்டு போவதற்கே வந்தவர். இந்த ஆட்டத்தில் புதியவர் மூன்று வித்தைக்குமேல் காட்டக் கூடாது. மூன்றாவது வித்தையிலேயே ஆட்டம் முடிய வேண்டும், அது வாராவாரம் அதே வித்தையாக இருக்க வேண்டும். ஜனங்கள் அதை அடையாளம் கண்டு, அவர் கையைத் தூக்கும்போதே எழுந்து நிற்கிறார்களா என்று பார்ப்பார்கள். மூச்சு பத்தாதவர், அனுபவம் பத்தாதவர் என்றால் இரட்டையர் ஆட்டத்தில் ஒரு பழந்தலையோடு கோத்துவிடுவார்கள். பெரியவர் பத்து நிமிடம் அடி வாங்குவார். சின்னவர் கடைசி இரண்டு நிமிடம் உள்ளே புகுந்து எல்லோரையும் போட்டுத் தாக்குவார். குறையெல்லாம் மறைந்துபோகும்.

அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான பள்ளிக்கூடம்: மூத்த ஆளோடு பதினைந்து நிமிட ஆட்டம், அதில் தோல்வி. எப்படித் தோற்கிறார் என்பதில்தான் விஷயம். பெரியவரைத் திணறடித்து, தோளைத் தரையில் அழுத்தி நடுவர் மூன்று எண்ணுவதற்குள் இரண்டு தடவை எழுந்து, கடைசியில் பெரியவரின் பெரிய வித்தைக்கு மட்டும் விழுந்தால் அந்தத் தோல்வி பத்து வெற்றிக்குச் சமம். ஆட்டத்தின் வேகத்தை எப்போது குறைப்பது, அடிபட்ட காலை அடுத்த ஐந்து நிமிடமும் மறக்காமல் நொண்டுவது, ஜனங்களின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததைச் செய்வது, இதெல்லாம் மூத்தவர் காதோரம் சொல்லச் சொல்ல ரிங்குக்குள்ளேயே கற்பவை. வகுப்பறையில் வராது.

நன்றாக நடந்ததற்கு உதாரணம் ஓபா ஃபெமி. நைஜீரியக்காரர், அலபாமா பல்கலைக்கழகத்தில் குண்டு எறிதல் வீரராக இருந்தவர், மேலே சொன்ன கல்லூரித் திட்டத்தில் வந்தவர். 2024 ஜனவரியில் என்.எக்ஸ்.டி.யின் இரண்டாம் நிலைப் பட்டத்தைக் கொடுத்து, அதை 273 நாள் அவரிடமே வைத்தார்கள். விதவிதமான எதிராளிகளோடு ஆடி ஆட்டம் பழுத்தது. முதல்நிலைப் பட்டம் 2025 ஜனவரியில்தான் வந்தது.

கெட்டுப்போனதற்கு உதாரணம் கேரியன் க்ராஸ். 2021 ஜூலை 19 அன்று என்.எக்ஸ்.டி. சாம்பியனாகவே, மேல்நிலை வாராந்திர நிகழ்ச்சியான ‘ரா’வுக்கு வந்தார். ஜெஃப் ஹார்டியிடம் இரண்டு நிமிடத்துக்குள் தோற்றார். அவரை அதுவரை பார்த்திராத லட்சக்கணக்கானவர்களுக்கு அதுதான் அறிமுகம். கீழே ஒரு வருஷத்துக்குமேல் கட்டியதை மேலே இருந்தவர்கள் ஒரே இரவில் இடித்தார்கள். அந்த நவம்பரிலேயே வேலையும் போனது (2022-ல் திரும்ப எடுத்தார்கள்). பயிற்சி கொடுப்பவரும் டிவி கதை எழுதுபவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத கம்பெனியில் இதுதான் நடக்கும்.

இன்னொரு வியாதி, இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான் என்று மாறி மாறி ஜெயிக்க வைப்பது. யார் மனசும் நோகாது. யாரும் பெரிய ஆளாகவும் ஆக மாட்டார்கள்.

திணித்தாலும் எடுபடாது. 2015 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ராயல் ரம்பிள் என்ற பெரிய போட்டியை ரோமன் ரெய்ன்ஸ் ஜெயித்தபோது, பக்கத்தில் ராக் வந்து கையைத் தூக்கிப் பிடித்தும் அரங்கமே கத்தி எதிர்த்தது. ஆள் அதே ஆள்தான். 2020-ல் வில்லனாக மாற்றி, பேச்சுக்கு பால் ஹேமனைக் கூட வைத்தார்கள். பட்டம் 1,316 நாள் அவரிடம் இருந்தது.

வீர் மஹான் என்ன ஆனார்? எவ்ளோ பில்டப் குடுத்தாங்க!
– கொருக்குப்பேட்டை வாசகர்

பில்டப்தான் கெடுத்தது. ‘வீர் மஹான் ராவுக்கு வருகிறார்’ என்று 2021 அக்டோபர் கடைசியில் விளம்பரம் போட ஆரம்பித்து, 2022 ஏப்ரல் 4-ல்தான் ஆள் வந்தார். ஐந்து மாதத்துக்குமேல்! அதற்குள் அது மீம் ஆகிவிட்டது. வந்தபிறகு உள்ளூர் ஆட்களை நசுக்கினார், அடுத்து என்ன என்று கதை இல்லை. திரும்ப என்.எக்ஸ்.டி.க்குப் போனார். 2024 ஏப்ரலில் ஜிந்தர் மஹால், சங்கா இருவரோடும் சேர்த்து வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். ரிங்கு சிங் என்ற இந்த உத்தரப் பிரதேச இளைஞர் அதற்குமுன் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் பேஸ்பால் பந்து வீசியவர். உடம்பும் உழைப்பும் குறையில்லை.

எங்க ஏரியாவுல பாக்ஸிங் பரம்பரையே இருக்கு. பாக்ஸிங் தெரிஞ்சவனுக்கு ரெஸ்லிங் ஈஸிதானே?
– புளியந்தோப்பு இளைஞர்

பாதி உதவும், பாதி தடுக்கும். மூச்சு, கால் நகர்வு, எதிராளியின் தூரத்தைக் கண்ணால் அளப்பது, மோவாயைத் தாழ்த்தி வைப்பது எல்லாம் பலம். தடுப்பது என்னவென்றால், குத்துச்சண்டையில் அசைவு சின்னதாக, சட்டென்று, மறைவாக இருக்க வேண்டும்; இங்கே கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். குத்துச்சண்டைக்காரர் தோளால் முகத்தை மறைத்து நிற்பார். இங்கே முகத்தை மறைத்தால் வலி யாருக்குத் தெரியும்? கையின் வேகம் பார்ப்பவருக்காக, படும்போது எதிராளிக்கு வலிக்கக் கூடாது. பரம்பரையில் பழகிய கைக்கு இந்தக் கடைசி அங்குலத்தில் அடக்குவது பெரிய தண்டனை. எதிராளிகளின் மூக்கு உடைவதும் அங்கேதான்.

அசல் விளையாட்டில் உச்சம் தொட்டவருக்கே இது எளிதில்லை. கேபிள் ஸ்டீவ்சன் டோக்கியோ ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வாங்கியவர். 2021-ல் சேர்த்தார்கள், 2024 மே மாதம் விடுவித்தார்கள். மறுபக்கம் 1996 அட்லாண்டா தங்கம் கர்ட் ஆங்கிள் சில மாதங்களிலேயே பிடித்துக்கொண்டு பெரிய சாம்பியன் ஆனார். பதக்கத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

நியூ ஜப்பான் ஷோவில சின்னப் பசங்க எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு டிரங்க் போட்டுட்டு வர்றாங்களே, ஏன்?
– திருவொற்றியூர் வாசகர்

அவர்கள் ‘யங் லயன்’கள், அதாவது ஜப்பானின் நியூ ஜப்பான் ரெஸ்லிங் கம்பெனியில் பயிற்சியில் இருப்பவர்கள். கறுப்பு டிரங்க், கறுப்பு ஷூ, அலங்காரமில்லாத வருகை. வித்தைகளும் எண்ணிக் கொடுத்ததுதான்: தோள் மோதல், முன்கை அடி, உடம்பைத் தூக்கிப் போடுவது, முடிக்க பெரும்பாலும் பாஸ்டன் கிராப் (குப்புறப் போட்டுக் காலைப் பின்னால் வளைக்கும் பிடி). நாலே வித்தையை வைத்துக்கொண்டு ஜனங்களை எழுந்து நிற்க வைக்கத் தெரிந்தால்தான் ஐந்தாவதைத் தருவார்கள். டோஜோ என்ற பயிற்சிக் கூடத்திலேயே தங்கி, சமைத்து, கூட்டிப் பெருக்கி, மூத்தவர்களின் பெட்டியைத் தூக்க வேண்டும். பஸ்கி நூற்றுக்கணக்கில். இந்தப் பஸ்கியும் தண்டாலும் நம் அகாடாக்களின் சொத்து. ஜப்பானுக்கு அவற்றைக் கொண்டுபோய்ப் பரப்பியதில் கார்ல் காட்ச் என்ற பயிற்சியாளருக்குப் பெரிய பங்கு.

பிறகு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். யங் லயனாகப் போனவர் திரும்பும்போது புது உடை, புது முடி, புதுக் குணம். கசுசிகா ஒகாடா 2010-ல் அமெரிக்காவின் டி.என்.ஏ. கம்பெனிக்குப் போனார். அங்கே அவரை ஒன்றுக்கும் உபயோகப்படுத்தவில்லை. 2012 ஜனவரியில் திரும்பி, பிப்ரவரி 12 அன்று அப்போதைய சாம்பியன் தனாஹாஷியை வென்று சாம்பியன். வயது 24. திரும்பிவந்த இரவில் ஜனங்கள் ஒட்டவில்லை. கம்பெனி பதறாமல் நின்றது. எங்களுக்குப் பிடித்த முறை இதுதான். வேலைக்காரன் போல நடத்தும் பழக்கத்தைக் கழித்துவிட்டுச் சொல்கிறோம்.

பொண்ணுங்களுக்கு வழி இருக்கா?
– பளு தூக்கும் மாணவி, புதுவண்ணாரப்பேட்டை

இருக்கிறது. ஹரியானாவின் கவிதா தேவி பளு தூக்குபவராக இருந்து, ஜலந்தரில் கிரேட் காளி நடத்தும் பள்ளியில் பழகி, 2017-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். பியான்கா பெலேர் கல்லூரியில் தடை ஓட்டக்காரி. 2016-ல் சேர்ந்து, 2021-ல் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் பட்டம். பளு தூக்கிய உடம்பில் இடுப்பு பலம் இருக்கும், தோள் இறுகியிருக்கும். ஆறு மாதம் உருளுதலும் கைகரணமும் பழகிவிட்டுப் போங்கள்.

மைக்ல பேச இங்கிலீஷ் கட்டாயமா?
– மணலி வாசகர்

டபிள்யூ.டபிள்யூ.இ.க்குப் பெரும்பாலும் ஆம். ஆனால் இலக்கணத்தைவிட நிறுத்தி நிதானமாகப் பேசுவதுதான் முக்கியம். செல்போனை எதிரே நிற்கவைத்து 60 விநாடி பேசிப் பதிவு செய்யுங்கள். யாரோடு சண்டை, அவன்மேல் என்ன கோபம், என்றைக்கு மோதல் – மூன்றுதான் வேண்டும். கடைசி வாக்கியம் எதிராளியின் பெயரோடு முடியட்டும். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். முகத்தை மட்டும் பார்த்தே கோபம் தெரிந்தால் தேறிவிட்டீர்கள். முதலில் தமிழில் வரட்டும். தமிழில் வராத கோபம் இங்கிலீஷில் வராது.

இன்ஸ்டாகிராம்ல ஒருத்தர் 80 ஆயிரம் கட்டினா என்.எக்ஸ்.டி.யில சேர்த்து விடறேன்னு சொல்றார்.
– எருக்கஞ்சேரி வாசகர்

ஏமாற்று வேலை. கட்டாதீர்கள். ஆள் எடுக்க அவர்கள் சொந்த இணையப் பக்கம் வைத்திருக்கிறார்கள், நேரே விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் 1930 எண்ணில் சைபர் புகார் கொடுங்கள்.

பொங்கலுக்கு எங்க பசங்களை வச்சு ஒரு சின்ன ஷோ நடத்தலாம்னு இருக்கோம். பாக்ஸிங் ரிங் வாடகைக்குக் கிடைக்குது, போதுமா?
– காசிமேடு இளைஞர் மன்றம்

போதாது. குத்துச்சண்டை ரிங்கில் நாலு கயிறு, ரெஸ்லிங்கில் மூன்று. பாக்ஸிங் கயிறு சாயத்தான், ஓடி மோத இல்லை. தரையும் கால் ஊன்றி நிற்கக் கட்டியது, விழுந்தால் விட்டுக்கொடுக்காது. ரெஸ்லிங் ரிங் கிடைக்காவிட்டால் பாய் விரித்து மல்யுத்தப் போட்டியாகவே நடத்துங்கள்.

கிடைத்தால், ஐந்து ஆட்டம் போதும். முதல் ஆட்டம் எட்டு நிமிடத்தில் சுறுசுறுப்பாக முடியட்டும். புதுப் பையனை இரண்டாவதில் அனுபவசாலியோடு விடுங்கள். இரண்டு புதியவர்களை ஒருவருக்கொருவர் எதிரே நிறுத்தாதீர்கள். ஒருவர் தடுமாறினால் காப்பாற்ற ஆளிருக்காது. நிஜமாக அடிபட்டால் நடுவர் தலைக்குமேல் இரு கைகளையும் பெருக்கல் குறியாகக் காட்ட வேண்டும். அதைப் பார்த்ததும் ஓடிவர டாக்டரும், கழுத்துப் பட்டையும் பலகையும் வைத்த ஆம்புலன்ஸும் வாசலிலேயே நிற்க வேண்டும். போலீஸ் அனுமதி எழுத்தில் வாங்குங்கள்.

கடலோரம் என்பதால் இன்னொன்று. உப்புக்காற்றில் டர்ன்பக்கிள் (மூலையில் கயிற்றை இழுத்துக் கட்டுவது) கொக்கியும் போல்ட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்து, மரை தேய்ந்ததை மாற்றி, எண்ணெய் போட்டு முடுக்குங்கள். ஜனங்களை உள்ளே விடுமுன் உங்களில் கனமான இரண்டு பேர் நாலு பக்கக் கயிற்றிலும் பத்துத் தடவை ஓடட்டும், ஒவ்வொரு பலகைமேலும் குதிக்கட்டும். விரிசல் சத்தம் கேட்டால் அந்தப் பலகையை மாற்றாமல் ஆட்டம் வேண்டாம். இருட்டினபிறகு கேன்வாஸில் ஈரம் இறங்கி வழுக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவே துடைக்க இரண்டு பையன்களும் ஆறு துண்டும் தனியாக வையுங்கள்.